அந்தோணி அழுத காட்சி

டிவி பாட்டுப் போட்டிக்கு ஆள் பிடிக்கிற தொழிலில் நல்ல குரல் சுலபமாகக் கிடைத்துவிடும், நல்ல அழுகைக்குத்தான் அலைய வேண்டும். வாராவாரம் அதைப் பார்த்து மூக்கைச் சிந்துகிற உங்களிடம், நெய்வேலிப் பக்கத்து ஒருங்கிணைப்பாளனாக இருந்த நான் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன்.

காலிப் பக்கம்

சேனல் கொடுத்த படிவத்தில் பாட்டைப் பற்றி ஒரே கேள்வி. குடும்பக் கஷ்டத்துக்கு முழுப் பக்கம். மந்தாரக்குப்பத்து ஸ்டெல்லா சர்ச்சில் பாடுகிற பெண். அவள் பாடினால் சாப்பிடுகிறவன் கை அப்படியே நிற்கும். அப்பா அந்தோணி, நிலக்கரி மைன்ஸில் பதினெட்டு வருடமாக கான்ட்ராக்ட் தொழிலாளி. பெர்மனென்ட் ஆகிவிடும் என்று காத்திருந்து தலை நரைத்ததுதான் மிச்சம். அப்படிப்பட்டவர் கஷ்டப் பக்கத்தைக் காலியாக விட்டிருந்தார். ஏன் என்று கேட்டேன்.

"பாட்டுப் போட்டிதானேங்க, அதுல எங்க கஷ்டம் எதுக்குங்க?"

இரவல் குவார்ட்டர்ஸ்

வீட்டைப் படம் பிடிக்க டைரக்டருடன் போனேன். அந்தோணி எங்களை டவுன்ஷிப்புக்கு அழைத்துப் போனார். பெர்மனென்ட் வேலையில் இருக்கும் மச்சானின் குவார்ட்டர்ஸை ஒரு நாளைக்கு இரவல் வாங்கி, சோபாவுக்குப் புது உறை போட்டு, சுவரில் தன் குடும்பப் படத்தை மாட்டியிருந்தார். நாலு பேர் பார்க்கிற வீடு கௌரவமாக இருக்க வேண்டும் என்று நினைத்துவிட்டார் மனுஷன்.

டைரக்டர் என்னை ஓரமாக அழைத்து, இந்த வீட்டைக் காட்டினால் பெண்ணை மேடை ஏற்ற முடியாது என்றார். அதை அந்தோணியிடம் சொல்ல வேண்டியது என் வேலை. அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னேன். அவர் சுவரிலிருந்த படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"பொண்ணு பாடணுங்க. வாங்க, எங்க வூட்டுக்கே போலாம்."

நாலாவது தடவை

ஒற்றை அறை வாடகை வீடு. டைரக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது. பெர்மனென்ட் ஆகாததைப் பற்றி மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்டார். அந்தோணி மூன்று தடவை சிரித்துச் சமாளித்தார். அழுதால்தான் பெண்ணை எடுத்துக்கொள்வார்கள் என்று அவர் காதில் ஓதியவன் நான்தான். நாலாவது தடவை அழுதார். கேமராவை நிறுத்திய பிறகும் அவரால் நிறுத்த முடியவில்லை.

ஸ்டெல்லா முதல் சுற்றிலேயே வெளியே வந்தாள். அவள் பாட்டில் பாதியை வெட்டிவிட்டார்கள். அப்பா அழுததை மட்டும் விளம்பரத்தில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஷிப்ட் பஸ்ஸில் கூட வேலை செய்கிறவர்களே அவரைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக் காட்டிச் சிரித்தார்களாம். மனசு கேட்காமல் எடிட்டருக்குப் போன் போட்டு, அதை எடுத்துவிடும்படி கெஞ்சினேன்.

"பாட்டை ரெண்டாவது தடவை போட்டா சேனலை மாத்திடுறாங்க சார், ஒரு அப்பா அழுறதை எத்தனை தடவை போட்டாலும் பாக்குறாங்க."

அடுத்த சீசன்

ஸ்டெல்லாவை மறுபடி அழைக்கச் சொல்லி சேனலிலிருந்து உத்தரவு. கூடவே அப்பாவும் வர வேண்டும். சர்ச் வாசலில் அவளைப் பார்த்துச் சொன்னேன். அவள் இப்போது பாடகர் குழுவில் இல்லை, கடைசி பெஞ்சில் அப்பாவோடு உட்காருகிறாள்.

"நான் பாடினா எங்கப்பா எழுந்து வெளிய போயிடுறாருங்க."

அன்றோடு அந்த வேலையை விட்டுவிட்டேன். ஆனால் நிகழ்ச்சி நிற்கவில்லை, ஏனென்றால் நடிகர்களாவது சம்பளம் கேட்பார்கள், அப்பாக்கள் நமக்கு டீயும் போட்டுக் கொடுத்துவிட்டு அழுகிறார்கள்.