நெற்றியில் எழுதிய சிங்கம்

என் கணவரின் அக்காவை நான் மன்னிக்கவில்லை. மன்னித்துவிடு என்று புத்தி சொல்ல வருகிறவர்களையும் வாசலோடு அனுப்பிவிடுகிறேன்.

என் சிறுநீரகங்களில் ஒன்று என் கணவர் உடம்பில் இருக்கிறது. உடம்பு அதை ஒதுக்கிவிடாமலிருக்க, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மாத்திரைகளைத் தினமும் விழுங்குகிறார். மூன்று வருடம் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். தும்முகிறவர்களை வீட்டுக்குள் விட்டதில்லை.

போன வருடம் அவர் நெற்றியில் கொப்புளம் கொப்புளமாக அக்கி கிளம்பியது. ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டு நின்றபோது ஜலகண்டாபுரத்திலிருந்து அக்கா வந்து இறங்கினார்.

"அக்கிக்கு ஊசி போட்டா உள்ள எறங்கீரும் சாமி. மூணு நாளைக்கு எழுதுனாப் போதும்" என்றார். குயவர் ஒருவரைக் கூட்டியும் வந்துவிட்டார்.

குயவர் செங்காவியைக் குழைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியில காட்டுனீங்களா?" என்று கேட்டார்.

"நீங்க எழுதுங்க" என்று அக்கா அவர் வாயை அடைத்தார்.

என் கணவர் நெற்றியில் குயவர் சிங்கம் எழுதினார். அது அக்கியை விரட்டிவிடுமாம். மூன்று நாளும் கழுவக்கூடாதாம்.

நான்காம் நாள் அவருக்கு ஜன்னி கண்டது. சேலத்தில் டாக்டர், "இந்த மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அக்கிக் கிருமி மூளை வரைக்கும் போயிரும்மா. மொத நாளே வந்திருக்கணும்" என்றார். பக்கத்தில் நர்ஸ் பஞ்சை நனைத்துச் சிங்கத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

உயிர் தங்கியது. என் சிறுநீரகமும் தங்கியது. நான்தான் அவர் நினைவில் தங்கவில்லை. அக்கா மட்டும் அதில் அப்படியே இருக்கிறார். "ஏம்புள்ள" என்று என்னை அதட்டிய வாய், தினமும் காலையில், "ஏனுங்க, எங்கக்கா வந்துச்சுங்களா?" என்று யாரோ எவரோபோல என்னைக் கேட்கிறது.

வெள்ளிக்கிழமைதோறும் தம்பிக்குப் பிடித்த கச்சாயம் சுட்டு எடுத்துக்கொண்டு அக்கா வருகிறார். நான் கேட்டைத் திறப்பதில்லை.

"ஒருக்கா மொகத்தப் பாத்துட்டுப் போயர்றேன் சாமி" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவார். நான் துணியை உதறிக் காயப்போடுவேன். அந்த அழுகை எனக்கு இனிக்கிறது. பொய் சொல்வானேன்?

போன வெள்ளியன்று அவர் அழவில்லை. "எழுதறப்ப அவன் தலையப் புடிச்சுட்டு நின்னது ஆரு சாமி?" என்று மட்டும் கேட்டார்.

நான்தான். சிங்கம் கோணிவிடக் கூடாதென்று இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன்.

உள்ளே வந்தேன்.

"எங்கக்கா வந்துச்சுங்களா?" என்றார் அவர்.

"வல்லீங்க" என்றேன்.