பாறைக்குழம்பு

டெல்லி லோதி ரோட்டில் ஒரு தமிழ்க் கூட்டத்தில் நிலாக்கல்லைப் பற்றிப் பேசக் கூப்பிட்டபோது மறுத்திருக்கலாம். நிலவிலிருந்து விண்கல்லாக வந்து விழுந்த துணுக்குகளை வாரம் முழுக்க நுண்ணோக்கியில் குனிந்து பார்த்துக் கழுத்து போயிருந்தது. வெளியே வேறு புகைமூட்டம். ஆனால் அப்பா வருகிறேன் என்றார். சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் என்னை வளர்த்த, ஓய்வுபெற்ற குமாஸ்தா. பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று யார் கேட்டாலும் "கல்லு பாக்குறா" என்று முடித்துவிடுவார். ஒரு தடவையாவது அவருக்குப் புரிய வேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் டெல்லியிலேயே பிறந்தவள். என் தமிழ் வீட்டுத் தமிழ்; மேடைக்காகப் பாடப்புத்தகத்தைப் புரட்டிச் சொற்களைப் பொறுக்கினேன். "ஆதியில் நிலவு முழுவதும் பாறைக்குழம்பாக இருந்தது" என்று ஆரம்பித்ததுதான் தாமதம், முன்வரிசையில் ஒரு மாமி, "வத்தக்குழம்பா, மோர்க்குழம்பா?" என்றார். அரங்கமே சிரித்தது. எனக்கு எரிச்சலாக வந்தது. சரி, குழம்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது ஆறும்போது கனமானவை அடியில் தங்கின. லேசானவை மிதந்து வெளிர்நிற மேடுகளாயின. வெகு காலம் கழித்து அடியில் தங்கியது மறுபடி உருகி, வெடிப்புகள் வழியே மேலே வந்து, பள்ளங்களில் பரவி உறைந்தது. நிலவில் நாம் பார்க்கும் கறை அதுதான். இரும்பும், சில இடங்களில் டைட்டானியமும் மிகுந்த கரும்பாறை. தண்ணீர் இல்லையென்றே சொல்லலாம். எரிமலைப் பாறை என்கிறோம், ஆனால் பெரும்பாலும் அதைக் கக்கிய மலையே கிடையாது, வெறும் வெடிப்புகள்தான் என்று முடித்தேன். கைதட்டிவிட்டு எல்லோரும் டிபனுக்குப் போனார்கள்.

திரும்பும்போது ஆட்டோவில் அப்பா வெளியே புகைமூட்டத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். அவர் மனதிலும் குழம்புதான் நின்றிருக்கும் என்று நினைத்தேன். இனி யாருக்கும் எதையும் விளக்கப் போவதில்லை என்று அலுத்துப்போய்க் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏம்மா, ஆறிப்போனது மறுபடி உருகணும்னா அடுப்பு வேணுமே. அங்க சூடு ஏது?" என்றார்.

தூக்கம் போய்விட்டது. இத்தனை வருடமாக அந்தத் துணுக்குகளோடு நான் மாரடிப்பது இந்த ஒரு கேள்விக்காகத்தான். உள்ளே இருக்கும் கதிரியக்கத் தனிமங்களின் சூடு என்பார்கள். எல்லாக் கல்லுக்கும் அது பொருந்துவதில்லை.

"முழுசாத் தெரியலப்பா. அதைத்தான் தேடிக்கிட்டிருக்கேன்."

"அச்சா," என்றார். என் கையைத் தட்டினார்.

"ஜல்தி கண்டுபிடிம்மா. எனக்கு எண்பத்திரெண்டு ஆயிடுச்சு."