சனிக்கிழமைக்கு ஒரு ஆட்டம்

எண்பதுகளின் நடுவில் நாங்கள் ஜெர்மனும் பிரெஞ்சும் பேசும் பீல் நகரத்தில் குடியிருந்த கட்டடத்தின் நிலவறையில் ஒரேயொரு சலவை இயந்திரம்தான் இருந்தது. எங்களுக்கு விதிக்கப்பட்ட நாள் செவ்வாய். அன்றைக்கு அம்மாவும் சித்தப்பாவும் மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்ப்பது பெருங்குற்றம் என்பது அந்த நாட்டு நியாயம். ஆகவே அம்மா இரவில் குளியல் தொட்டியில் தோய்த்துத் தோய்த்துக் கை வெடித்துப்போயிருந்தார். சனிக்கிழமை முழுவதும் மேல்வீட்டுக் கிழவருக்குச் சொந்தம். தனிமனிதர், தோய்ப்பதென்னவோ நாலு சட்டை.

கிழவருக்குச் சதுரங்கப் பைத்தியம். சித்தப்பாவுக்கும் அதே வருத்தம்தான். சித்தப்பா வென்றால் சனிக்கிழமை எங்களுக்கு, தோற்றால் அந்தப் பேச்சையே எடுக்கக்கூடாது என்று பந்தயமாயிற்று. கிழவரின் மொழி ஜெர்மன். நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம், ஜெர்மன் தெருவில் பொறுக்கியது. சித்தப்பாவுக்கு இரண்டுமே அரைகுறை என்பதால் மொழிபெயர்ப்பாளர் பதவி எனக்கு வந்தது.

ஒரு ஞாயிறு எங்கள் வீட்டில் ஆட்டம் நடந்தது. தொடக்கத்திலேயே சித்தப்பா ஒரு சிப்பாயைக் கொண்டுபோய் எதிரியின் வாயில் வைத்தார்.

"சித்தப்பா, அவர் வெட்டப்போறார்!"

"வெட்டட்டும். வெட்டத்தானே வைச்சனான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கிழவரின் ராஜா நடுப்பலகையில் நாதியற்று ஓடித்திரிந்தது. வெல்கிறோம் என்று, சமைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் சொல்லக் குசினிக்கு ஓடினேன். திரும்பி வந்தால் எங்கள் கோட்டை ஒன்றைக் காணவில்லை, கிழவரின் ராணி எங்கள் ராஜாவைத் துரத்திக்கொண்டிருந்தது. தோற்கிறோம் என்று மறுபடி ஓடினேன். "ஒண்டைச் சொல்லு பிள்ளை!" என்று அம்மா சீறினார். அடுத்து வந்து பார்த்தபோது இரண்டு ராணிகளும் பலகைக்கு வெளியே கிடந்தன. எங்கள் சிப்பாய் ஒன்று கடைசி வரிசைக்கு ஒரு கட்டம் முன்னால் நின்றது. இன்னும் ஒரு அடி வைத்தால் அதுவே ராணி, மறிக்க அவரிடம் ஆளில்லை.

கிழவரின் முறை. அவர் காயைத் தொடாமல் கையை நீட்டி, "ரெமி?" என்றார்.

அந்தச் சொல் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பனி கொட்டிப் பள்ளிக்கூடத்துக் கால்பந்தாட்டம் தள்ளிப்போனால் வாத்தியார் பிரெஞ்சில் அதைத்தான் சொல்வார்.

"இன்னொரு நாளைக்கு வைப்பமோ எண்டு கேக்கிறார்."

"ஓம், மனுசன் களைச்சுப்போனார். வாற ஞாயிறு முடிப்பம்" என்று சித்தப்பா கைகுலுக்கினார். கிழவர் முகமெல்லாம் சிரிப்பாக அவரைத் தட்டிக்கொடுத்து, சனிக்கிழமையில் பின்னேரம் உங்களுக்கு என்றார். முடியாத ஆட்டத்துக்கு எதற்குப் பாதி நாள்? நல்ல மனுசன் என்று முடிவுகட்டினோம்.

அடுத்த ஞாயிறு சித்தப்பா சவரம் செய்து, காய்கள் அசையாமல் பலகையை ஏந்திக்கொண்டு மாடியேறினார். கதவைத் திறந்த கிழவர் பலகையைப் பார்த்தார். அந்தச் சிப்பாயைப் பார்த்தார். காதுவரை சிவந்துபோனார். உள்ளே போய்ச் சலவையறைத் திறப்பைச் சாவி வளையத்தோடு கொண்டுவந்து பலகையின்மேல் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினார்.

சனிக்கிழமை முழுதாக எங்களுடையதானது. அம்மாவின் கை ஆறியது. ஆனால் கிழவர் பிறகு விளையாட வரவேயில்லை, படியில் கண்டாலும் சுவரைப் பார்த்தபடி போனார். "தோல்வியைத் தாங்கேலாத மனுசன்" என்று சித்தப்பா மனம் நொந்தார். எனக்குக் கிழவர்மேல் கோபம் கோபமாக வந்தது. ஜெர்மன் பேசுவோரின் சதுரங்கத்தில் ரெமி என்றால் வெற்றி தோல்வி இல்லாமல் முடித்துக்கொள்வது என்பதும், கைகுலுக்கிச் செய்த சமாதானத்தை நாங்களே அவர் வாசலில் கொண்டுபோய் முறித்தோம் என்பதும் எனக்கு அப்போது தெரியாது.