விசேஷம் இல்லாத வீட்டு மொய்

மலாயாவில் தண்டவாளக் கூலியாக இருந்த பத்தொன்பது வயதில் நான் தபாலாபீஸ் சேமிப்புப் புத்தகம் வாங்கியது புத்திசாலித்தனத்தால் அல்ல, பயத்தால். கிள்ளான் ஸ்டேஷன் வாசலில், தண்டவாள வேலையில் முதுகு போன ஒரு கிழவர் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். அடுத்த சம்பளத்திலிருந்தே மாதம் ஒரு வெள்ளிப் பணம் தபாலாபீசுக்குப் போனது. எச்சில் கையால் காக்காய் ஓட்டாதவன் என்று நாங்கள் குடியிருந்த பிரிக்பீல்ட்ஸ் கூலி லயத்தில் பெயர் வாங்கினேன். பொருத்தமான பெயர்தான், இன்றைக்கும் மறுக்க மாட்டேன்.

எங்கள் கேங்கில் என்னோடு சம்மட்டி பிடித்த அண்ணன் எனக்கு நேர் எதிர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கல்யாணம் ஆகவில்லை, ஊரிலும் ஒருவரும் மிச்சமில்லை. அவர் சம்பளத்தில் பாதி மொய்க்கே போகும். யார் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு என்றாலும் முதல் ஆளாகப் போய்த் தட்டில் வைப்பார். பெயரும் தொகையும் நோட்டில் ஏறியதைப் பார்த்த பிறகுதான் பந்திக்குப் போவார்.

“தபாலாபீசு நமக்கு என்னடா சொந்தமா? நான் மனுசங்ககிட்ட போட்டு வைக்கிறேன். நாளைக்கு என்னைய விட்ருவாங்களா?” என்பார்.

நான் சிரிப்பேன். ஆனால் அவர் தலையைக் கண்டால் எல்லா வீட்டிலும் இலை போட்டார்கள். எனக்குப் பச்சைத் தண்ணீரும் கேட்டால்தான் வரும். பொறாமையாகத்தான் இருந்தது.

ரப்பர் விலை விழுந்த வருஷங்களில் எங்கள் வேலையிலும் ஆளைக் குறைத்தார்கள். வயதானவர்களுக்குத்தான் முதலில் சீட்டுக் கிழிந்தது. ஊருக்குக் கப்பல் சும்மாவே கிடைக்கும் என்றார்கள். “அங்க போயி யாரு வீட்டுக் கதவத் தட்டுறது?” என்று அண்ணன் மறுத்துவிட்டார். லயத்தைக் காலி செய்து, கடைவீட்டு மாடியில் ஒரு கட்டிலை வாடகைக்குப் பிடித்தார். ஒரு கறவை மாடு வாங்கிவிட்டால் பால் ஊற்றியே பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழை இல்லை, மாட்டுக்குத்தான் காசு இல்லை.

மொய் வைத்த வீடுகளுக்கு ஒவ்வொன்றாகப் போனார். மொய் கடனல்ல, வாய்விட்டுக் கேட்கிற வழக்கம் கிடையாது. வைத்தவர் வீட்டில் ஒரு விசேஷம் வந்தால், கூட ஒன்று சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். இவருக்கு என்ன விசேஷம் வரும்? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை, வீடே இல்லை. போன இடத்திலெல்லாம் சோறு போட்டார்கள். “ஒரு விசேஷம் வைங்கண்ணே, கண்டிப்பா செய்றோம்” என்றார்கள். பொய் சொல்லவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றிருந்தபோது அவரே கேட்டுவிட்டார்.

“நான் செத்தா எல்லாரும் வந்து வைக்கத்தானே போறீங்க? அத இப்பவே குடுத்திருங்களேன்.”

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

“உங்க வாயில நல்ல வார்த்தையே வராதாண்ணே?” என்று ஒருவர் அதட்டினார்.

உயிரோடு இருக்கிறவர் கையில் சாவு மொய்யை யார் கொடுப்பார்கள்? நானும் தலையைக் குனிந்துகொண்டேன். என் புத்தகத்தில் ஒரு மாட்டுக்குப் பணம் இருந்தது. அதில் கைவைத்தால் நாளைக்கு நான் துண்டை விரிக்க வேண்டிவரும் என்று பயந்தேன். இன்று தள்ளாத வயதில் யாரிடமும் கையேந்தாமல் சாப்பிடுவது அந்தப் பணத்தில்தான். அதைச் சொல்லும்போது வெட்கமாகவும் இருக்கிறது.

மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு, அந்தக் கட்டிலிலேயே அண்ணன் போய்விட்டார். செந்தூல், கிள்ளான் என்று எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். ஒருவர் விடாமல், வழக்கப்படி கூட ஒன்று சேர்த்தே வைத்தார்கள். நானும் வைத்தேன். எழுதத் தெரிந்தவன் என்று நோட்டை என்னிடம் கொடுத்திருந்தார்கள். பணத்தை வாங்க வாரிசு இல்லை. சாவுப் பணத்தை வேறு யாரும் வீட்டுக்குக் கொண்டுபோகவும் மாட்டார்கள். இரண்டு செட் மேளம், பூத்தேர், வேட்டு, பதினாறாம் நாள் சாப்பாடு என்று அத்தனையும் செலவழித்தோம்.

எல்லாம் முடிந்தபின் நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். ஒரு மாடு என்ன, கன்றோடு இரண்டு வாங்கியிருக்கலாம்.