யாழ்ப்பாணத்தில் படித்த ஒரு தவணை

இரசாயனவியலில் எனக்கு இருபத்து மூன்று புள்ளிகள். பன்னிரண்டாம் வகுப்பு, மூன்றாம் தவணை. தேர்ச்சி அறிக்கையை வகுப்பாசிரியை இரண்டாக மடித்துத்தான் தந்தார். மன்னார் பஸ் நிலையத்தில் அதை விரித்துப் பார்த்தபோது ஒரு கழுதை பக்கத்தில் வந்து நின்று என் கையையே பார்த்தது. கடதாசி தின்னும் கழுதை. கொடுத்துவிடலாமா என்று உண்மையாகவே யோசித்தேன். கொடுத்திருந்தால் இன்று நான் டொக்டர்.

அந்தத் தவணை கெட்டுப்போனதற்குக் காரணங்கள் இருந்தன. இரசாயனவியல் ஆசிரியை பிரசவ விடுமுறையில் போய்விட்டார், பதிலுக்கு ஆள் வரவில்லை. எங்கள் வீடு கட்டுக்கரைக் குளத்துக்குக் கீழே, வயல் கரையில். மீள்குடியேறி ஒரு வருசம் ஆகவில்லை. தகரக் கொட்டில், மண்ணெண்ணெய் விளக்கு. நாலு வருசத்துக்குப் பிறகு அப்பா முதன்முதலாக விதைத்திருந்தார். விடிய எழும்பி வயலில் இறங்கும் மயில்களைக் கலைத்துவிட்டு ஓடினால் பஸ் போயிருக்கும். இதெல்லாம் காரணம்தான். ஆனால் இருபத்து மூன்றுக்குப் பக்கத்தில் காரணம் எழுத ஒரு கட்டமும் இல்லை.

எனக்கு டொக்டராக வேண்டும். ஏனென்று கேட்டால் இன்றைக்கும் அழகாகச் சொல்ல வராது. இடம்பெயர்ந்தோர் முகாமில் இரண்டு வருசம் வரிசையில் நின்றிருக்கிறேன். தண்ணீருக்கு, சாப்பாட்டுக்கு, மருந்துக்கு. மருந்து வரிசையின் மறுபக்கம் ஒரு பெண் கதிரையில் உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கம் போக வேண்டும், அவ்வளவுதான். அதைவிட உயர்ந்த நோக்கம் எதுவும் எனக்கு இருக்கவில்லை.

"ஆனைக்கும் அடி சறுக்கும்" என்றார் அப்பா. அம்மா அப்படிச் சொல்லவில்லை. அறிக்கையை வாங்கி, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு பாடத்தையும் வாசித்தார்.

"உதைப் பாத்தா கம்பஸ் எடுக்குமோ?"

"எடுக்காது" என்றேன். தெரிந்து சொன்னதல்ல, பயத்தில் சொன்னது. தவணைப் புள்ளியை மருத்துவ பீடம் கேட்பதே இல்லை. உயர்தரப் பரீட்சையில் என்ன எடுத்தாய், எந்த மாவட்டம், இந்த இரண்டும்தான் கேள்வி. ஆசிரியரும் வசதியும் குறைந்த மன்னாருக்கு அனுமதி வெட்டுப்புள்ளி குறைவு. யாழ்ப்பாணத்துக்கு அதிகம். மாவட்டக் கதை எங்களுக்கும் தெரியும். எங்கள் வீடு மன்னாரில் இருக்கிறது, ஆகவே நான் மன்னார்ப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

யாழ்ப்பாணத்தில் பெரியம்மா இருந்தார். முகாமிலிருந்து முதலில் விட்டபோது ஊர் இன்னும் குடியேறத் திறக்கவில்லை. அவர் வீட்டில் இருந்துதான் சாதாரணதரம் எழுதினேன், உயர்தரமும் தொடங்கினேன். ஊர் திறந்ததும் வந்துவிட்டேன். இப்போது திரும்பிப் போய் நல்ல ஆசிரியரிடம் ஒரு தவணை படித்துப் பிடித்துவிடலாம் என்று முடிவானது. என் வகுப்பில் இன்னொருத்தியும் அதே எண்ணத்தில் இருந்தாள். அவளுடைய வீட்டார் கெட்டிக்காரர்கள். பெயரை மன்னார்ப் பள்ளி வரவு இடாப்பில் விட்டுவிட்டு, ஆளை மட்டும் யாழ்ப்பாணத்து ரியூசனுக்கு அனுப்பினார்கள். மாதம் இரண்டு நாள் வந்து முகம் காட்டிவிட்டுப் போவாள்.

நானும் அப்படிச் செய்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"பேர் ஒரு இடத்திலயும் ஆள் ஒரு இடத்திலயும் இருக்கக் கூடாது" என்றார். "அது எனக்குச் சரிவராது, பிள்ளை."

இதை விளங்கிக்கொள்ள என் அண்ணாவைத் தெரிய வேண்டும். முகாமில் எங்கள் கூடாரத்தில் இடமில்லை என்று அவன் நாலு வரிசை தள்ளி மாமாவின் கூடாரத்தில் படுத்தான். பதிவில் பெயர் எங்கள் கூடாரத்தில். ஒருநாள் காலை ஆமிக்காரர் ஆள் எண்ண வந்தார்கள். பெயர் இருந்தது, ஆள் இல்லை. ஓடிப்போய்க் கூட்டி வந்தோம், பிந்திவிட்டது; சந்தேகத்தில் அவனைக் கொண்டுபோய்விட்டார்கள். பதினாறு மாதம் கழித்துத்தான் அவனை விட்டார்கள். வந்தவன் இன்றுவரை தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. சூடு கண்ட பூனை அம்மா. அவருக்கு இடாப்பு என்பது இடாப்பு அல்ல.

ஆகவே நாங்கள் ஒழுங்காகச் செய்தோம். தை மாதம் விடுகைப் பத்திரம் எடுத்து, யாழ்ப்பாணத்துப் பள்ளியில் முறைப்படி சேர்ந்தேன். ஒரு தவணை பேய்போலப் படித்தேன். சித்திரை விடுமுறையில் மன்னாருக்குப் புது இரசாயனவியல் ஆசிரியர் வந்துவிட்டார் என்று செய்தி வந்தது. திரும்ப ஒரு விடுகைப் பத்திரம், திரும்ப ஊர். ஆவணியில் பரீட்சை எழுதினேன்.

முடிவு வந்த அன்று அப்பா வயலிலிருந்து சேற்றுக் காலோடு ஓடி வந்தார். இரசாயனவியலுக்கு ஏ. மாவட்டத்தில் முன்னுக்கு நின்றேன். போன வருசத்து மன்னார் வெட்டுப்புள்ளியைத் தாண்டி நல்ல தூரம். அம்மா அன்று மத்தியானம் அயலுக்கெல்லாம் சர்க்கரைத் தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். வேறு ஒன்றும் வீட்டில் இல்லை.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் படித்த பள்ளிகளை மாதக் கணக்கோடு எழுதி அதிபர் ஒப்பமிட வேண்டும். நானும் அம்மாவும் போனோம். அதிபர் நல்ல மனிதர். வாழ்த்திவிட்டு, கண்ணாடியைப் போட்டு, எழுதத் தொடங்கினார். இரண்டாவது வரியில் பேனையை வைத்தார். விரலில் எண்ணினார். திரும்ப எண்ணினார்.

"பரீட்சைக்கு முந்தின மூண்டு வருசத்தில கூடுதலா எந்த மாவட்டத்தில படிச்சதோ, அதுதான் மாவட்டம்" என்றார். "முதல் பதினேழு மாசம் யாழ்ப்பாணம். பிறகு பத்தொன்பது மாசம் மன்னாரில இருந்திருக்க வேணும். அதில நாலு மாசத்தை அங்க குடுத்திட்டியள். யாழ்ப்பாணம் இருபத்தொண்டு, மன்னார் பதினைஞ்சு. பிள்ளை யாழ்ப்பாணம்."

"வீடு இஞ்சதானே, சேர்" என்றார் அம்மா.

"வீட்டைப் பாக்க மாட்டினம், அம்மா. பள்ளிக்கூடத்தைத்தான் பாப்பினம்."

யாழ்ப்பாணத்து வெட்டுப்புள்ளிக்கு என் புள்ளி காணாது. அது எனக்கு அந்த நொடியே தெரியும். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை என்பார்கள்; எங்கள் தாழியை நாங்களே தூக்கிப் போட்டிருந்தோம், மிகவும் கவனமாக, இரண்டு விடுகைப் பத்திரத்தோடு.

"உந்தத் தவணைப் புள்ளிக்குப் பயந்தோ போனனியள்?" என்று அதிபர் என்னைக் கேட்டார். "அதை ஒருத்தரும் கேக்கிறேல்லையே, பிள்ளை."

அப்போது அம்மா கதிரையிலிருந்து எழுந்தார். மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"சேர், அந்த நாலு மாசத்தை எழுதாமல் விடேலாதோ? அவ இஞ்சதான் இருந்தவ எண்டு எழுதுங்கோ. ஆர் வந்து பாக்கப் போயினம்?"

என் அம்மா இதைக் கேட்டார். முகாமில் அண்ணாவைத் தேடித் திரிந்த பதினாறு மாதத்திலும் ஒரு தாளில்கூடப் பொய் எழுதச் சம்மதிக்காத அம்மா.

"இஞ்சத்தை இடாப்பிலயும் கிடக்கு, அங்கத்தை இடாப்பிலயும் கிடக்கு" என்றார் அதிபர். "எல்லாத்தையும் ஒழுங்காச் செய்திருக்கிறியள், அம்மா. அதுதான் வினை."

பஸ்ஸில் அம்மா யன்னல் பக்கம் இருந்தார். பாலம் தாண்டியதும், "நான்தான் உன்னைக் கெடுத்தனான்" என்றார். இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்குப் பத்தொன்பது வயது, நெஞ்சு எரிந்துகொண்டிருந்தது. "ஓம்" என்றேன். அதற்குப் பிறகு எத்தனையோ முறை அதைத் திருப்பி எடுக்கப் பார்த்தேன். அம்மா பேச்சை வேறு எங்காவது கொண்டுபோய்விடுவார்.

மேன்முறையீடு எழுதினோம். விதி விதிதான் என்று பதில் வந்தது. மன்னார் இடாப்பில் பெயரை விட்டுப்போன மற்றவள், என்னைவிடக் குறைந்த புள்ளியோடு, மன்னார்ப் பிள்ளையாக மருத்துவ பீடத்துக்குப் போனாள். அவள்மேல் எனக்கு அன்றைக்கு வந்த பொறாமையை மறைக்க மாட்டேன்; அது இன்றைக்கும் முழுதாகப் போகவில்லை. இரண்டாம் முறை பரீட்சை எழுதினேன். புத்தகத்தைத் திறந்தால் மாதங்களை எண்ணத் தொடங்கிவிடுவேன். முதல் முறையைவிடக் குறைவு. கிடைத்த விவசாயத்தைப் படித்தேன். இப்போது அனுராதபுரத்தில் வேலை. நெல்லுக்கு வரும் நோயைப் பார்த்து மருந்து எழுதிக் கொடுக்கிறேன். வரிசை ஒன்றும் இல்லை.

போன மாதம் மகளோடு ஊருக்குப் போயிருந்தேன். அவளுக்கு நாலு வயது. திரும்பும் நாள், பைகளை வாசலில் வைத்துவிட்டு பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது ஊர் அலுவலரான விதானையார் குடும்பப் பதிவைப் புதுப்பிக்க வந்தார். பைகளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மகளும் பேத்தியும் இப்ப அனுராதபுரத்திலயோ?"

"இல்லை" என்றார் அம்மா. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "ரெண்டு பேரும் இஞ்சதான் இருக்கினம். எழுதுங்கோ."

விதானையார் எழுதினார். அம்மா எட்டி நின்று, எழுத்துக்கூட்டி, இரண்டு பெயரையும் சரிபார்த்தார். பிறகு என் பையைத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.