பதினோராவது மெஷின்

புத்தகப்பை தைக்கும் பட்டறைக்காரியைத் தெருவே ‘பைக்காரம்மா’ என்றுதான் கூப்பிடும். புருஷன் இறந்த பிறகு ஒரே ஒரு தையல் மெஷினோடு தொடங்கி, தட்டுத் தடுமாறிப் பன்னிரண்டு மெஷின் வரை கொண்டுவந்தவள். வினையே அங்கேதான். பத்து மெஷின் வரை மெஷினுக்கு இவ்வளவு என்று ஒரு வரி. பதினொன்றைத் தொட்டால் மொத்தத்துக்கும் இரண்டு மடங்கு. “வளர்ந்தா தலையிலயே குட்டறாங்க” என்று பொருமுவாள்.

அன்று காலை வரி அதிகாரி தெருமுனையில் திரும்பியதைப் பார்த்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஓரத்து மெஷின் இரண்டையும் துணியால் மூடினாள். அவற்றில் தைத்துக்கொண்டிருந்த தங்கையையும் இன்னொரு பெண்ணையும் சரக்கு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

அதிகாரி எண்ணிக்கொண்டே வந்தார். “பத்தா?”

“பத்துதாங்க.”

“அது ரெண்டும்?”

“ரிப்பேருங்க. ஓடி மாசக்கணக்காச்சு.”

அவர் துணியை விலக்கி மோட்டார்மேல் கை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்துக்கொண்டார். சூடு. அவள் பக்கம் திரும்பினார். மற்ற மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

சரக்கு அறை முழுக்கப் பசை நெடி. தங்கைக்கோ மூச்சிரைப்பு. உள்ளே இருமல் அடக்க அடக்கப் பீறிட்டது. பைக்காரம்மா தானே போய்க் கதவைத் திறந்தாள். தங்கை சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை.

“பன்னெண்டுங்க. எழுதிக்குங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, இன்னும் ரெண்டு பேருக்கு வேலை குடுத்தது குத்தமா?”

“வரி இல்லாட்டி ரோடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி எல்லாம் எப்படிம்மா நடக்கும்?”

“மாட்டேன்னா சொல்றேன்? இவ மூச்சே அரசாங்க ஆஸ்பத்திரி மருந்துலதான் ஓடுது. கூடின மெஷினுக்கு மட்டும் கூடுதலா வாங்குங்க. எல்லாத்துக்கும் சேர்த்து ரெண்டு மடங்குன்னா எவ பதினொண்ணாவது வாங்குவா?”

அதிகாரி நோட்டில் பன்னிரண்டு என்று எழுதினார். “நியாயமாத்தான் படுது. மனுவா எழுதிக் குடுங்க, மேல அனுப்பறேன். ஆனா மறைச்சதுக்கு அபராதம் உண்டு.” சொன்னபடியே போட்டார்.

அபராதத்தையும் இரட்டை வரியையும் முணுமுணுத்துக்கொண்டே கட்டினாள். யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. தங்கை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை, பிறகு பேசினாள். மனுவுக்கு எட்டு மாதமாகியும் பதில் இல்லை. அதற்குள் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி வேலை கேட்டு வந்தாள். தையல் சுத்தமாக வரும் பெண். ஆனால் இரட்டை வரி கட்டியதில் பதின்மூன்றாவது மெஷின் வாங்கக் கையில் காசு மிஞ்சவில்லை. பைக்காரம்மா அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, “அடுத்த வருஷம் பாக்கலாம்மா” என்று அனுப்பிவைத்தாள்.