கிருஷ்ணமணி கொடுத்த புகார்

குழித்துறையில் டிரைவிங் ஸ்கூல் நடத்தும் கிருஷ்ணமணிக்குச் சட்டம் என்றால் உயிர், பிறர் விஷயத்தில். பதினெட்டு நிறையாத பையனோடு எந்தத் தகப்பன் வந்தாலும், ஆதார் அட்டையைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வயசு ஆவட்டும், கூட்டிட்டு வாரும்" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் தன்னை ஒரு நீதிபதியாகவே நினைத்துக்கொள்வார்.

அதே மனிதர்தான், ப்ளஸ் டூ படிக்கும் மகள் சிவப்ரியாவை டியூஷனிலிருந்து அழைத்து வர, தன்னிடம் வேலை பார்த்த இருபத்தாறு வயது சுதீஷை அனுப்பிவைத்தார். "இந்தக் காலத்துல இப்பிடி ஒரு பையன் கிடைக்கணுமே" என்று சாப்பிடும்போது வீட்டிலேயே விளம்பரம் வேறு செய்தார். விளம்பரம் நன்றாகவே வேலை செய்தது.

மனைவி சபிதாதான் முதலில் சொன்னாள். "நம்ம பிள்ளையும் அந்த சுதீஷும் மெசேஜ் அனுப்பிக்கிடுகாங்க. கேட்டா லவ்வுன்னு சொல்லுகா."

கிருஷ்ணமணி சுதீஷை அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார். மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் பூட்டினார். மறுநாள் பள்ளிக்கூட வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்ததால், அவரே பீரோவைத் திறந்து, போனைக் கையில் ஏந்தி அவள் பக்கத்தில் நிற்க வேண்டியதாயிற்று. அதைத் திறக்கும் எண் கூட அவருக்குத் தெரியாது.

"நானும் ஒரு தகப்பன்னு நடக்கேன்" என்று சபிதாவிடம் முனகினார்.

சிவப்ரியா அசரவில்லை. "அவரு என்ன நிர்ப்பந்திக்கல்ல. எனக்கும் இஷ்டந்தான். பதினெட்டு ஆனா நீங்க என்ன செய்வீங்கப்பா?"

வயதைப் பற்றி ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவர் பதிலுக்குக் கத்தினார். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்து மகளிர் காவல் நிலையத்துக்குப் போனார். போலீஸ் நாலு வார்த்தை மிரட்டினால் பையன் ஊரை விட்டே ஓடிவிடுவான் என்று நினைப்பு. இன்ஸ்பெக்டர் ராகேல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"டியூஷனுக்கு அவன அனுப்புனது யாரு?"

"நான்தான் மேடம்."

"பிள்ளைக்குப் பதினேழு. அவளுக்கு இஷ்டம்னு சொன்னாலும் சட்டம் அத ஏத்துக்கிடாது. மிரட்டி விடுகதுக்கு மட்டும்னு இங்க புகார் கிடையாது. நீங்க சொல்லிட்டீங்க, இனி நான் விசாரிக்காம இருக்க முடியாது."

கிருஷ்ணமணி குரலைத் தாழ்த்தினார். "பிள்ளைக்க பேரு வெளிய வந்துராதா மேடம்?"

"எங்க பக்கம் வராது. நீங்க நாலு பேருட்ட சொல்லாம இருந்தா போதும்."

மறுநாள் ராகேல் சுடிதாரில் வீட்டுக்கு வந்தார். கிருஷ்ணமணியை வெளியே இருக்கச் சொன்னார். தன் வீட்டு முற்றத்திலேயே, தண்ணீர் மோட்டாரைச் சோதிப்பவர்போல் அவர் குனிந்து நின்றார். மோட்டார் ஓடவே இல்லை.

உள்ளே நடந்ததைச் சபிதா பிறகு சொன்னாள். சிவப்ரியா முதலில் சுதீஷுக்காக வாதாடியிருக்கிறாள். பிறகு, சபிதா பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்த போனைத் தானே திறந்து காட்டியிருக்கிறாள். வீட்டுக்குத் தெரியாமல் திற்பரப்பு அருவிக்கு வரச் சொல்லி அழைப்பு, மறுத்ததற்குக் கோபம், கேட்கக் கூடாத படம் கேட்டு நச்சரிப்பு. எல்லாவற்றுக்கும் பின்னால் 'அழிச்சிரு' என்ற உத்தரவு; அவள் எதையும் அழித்திருக்கவில்லை.

"நல்லவன்னா அழிக்கச் சொன்னது எதுக்கு மக்கா?" என்று ராகேல் கேட்டாராம்.

"பயந்துதான்."

"எதுக்குப் பயம்?"

சிவப்ரியா வெகுநேரம் அழுதாளாம்.

வழக்குப் பதிவானது. கைதான சுதீஷ் ஜாமீனில் வந்து கீரிப்பாறைப் பக்கம் மாமா வீட்டுக்குப் போய்விட்டான். நாகர்கோவில் கோர்ட்டில் வழக்கு இன்னும் நடக்கிறது. சிவப்ரியா அப்பாவோடு பேசுவதை நிறுத்தினாள். அவளுக்கு இரண்டு பேர் மீதும் கோபம். ஒருவன் ஏமாற்றினான்; மற்றவர் அவளை உட்கார வைத்து ஒரு வார்த்தை கேட்காமல் ஸ்டேஷனுக்குப் போனார்.

சபிதா இதைச் சொன்னபோது கிருஷ்ணமணி தலையை ஆட்டினார். "கேட்டிருக்கலாம். எனக்குக் கத்துகதுக்கே நேரம் சரியா இருந்துது."

இப்போதெல்லாம் டியூஷனுக்கு அவரே போகிறார். மகள் பின்சீட்டில் ஏறுவாள், இறங்குவாள். புத்திமதி ஏதாவது சொல்ல வாயெடுத்தால், கண்ணாடியில் தெரியும் அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொள்வார்.

பொதுத்தேர்வின் முதல் நாள், காரை விட்டு இறங்கியவள் கதவைப் பிடித்தபடி நின்றாள்.

"முடியுகது வரை இங்கயே நிப்பீங்களா?"

"நிக்கேன் மக்கா."

பள்ளிக்கூடக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்றுகொண்டிருந்தவரைச் சபிதா போனில் கூப்பிட்டாள். டீயாவது குடித்தீர்களா என்று கேட்டாள்.

"பிள்ள பேசிட்டா கேட்டியா" என்றார் அவர்.